காட்டு நடையில் அந்துப்பூச்சி பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

அந்து என்றதும் தானியத்தில் பறக்கும் சின்னச் சாம்பல் பூச்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 1,60,000. பட்டாம்பூச்சிகள் 18,000 அளவில்தான். அப்படியிருந்தும் காட்டுக்குள் போய் வருகிறவர்கள் பட்டாம்பூச்சிகளைப் பற்றியே பேசுகிறார்கள். நம் கண் அசைவைத் தேடிப் பழகியது. பெரும்பாலான அந்துகள் பகலில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கண்ணை மாற்றிப் பழக்குவதுதான் இங்கே முதல் வேலை.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

முந்தைய இரவு வெதுவெதுப்பாக, ஈரப்பதத்தோடு, காற்றில்லாமல் இருந்தால் மறுநாள் காலை நல்ல நாள். விடிந்ததும் கிளம்புங்கள். குளிர்ச்சி இருக்கும்வரை பூச்சிகள் மந்தமாக இருக்கும். அருகில் போனாலும் சட்டென்று பறக்காது. ஒரு கைவிளக்கு, ஒரு சின்ன உருப்பெருக்கி, கேமராவோ கைப்பேசியோ போதும். வலை தேவையில்லை.

2. மெதுவாக நடங்கள், மரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்

நடையின் தொடக்கத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்த சுவரோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். புதியவருக்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை.

அப்புறம் மரங்கள். அடிமரத்துக்கு நேராக நின்று பார்த்தால் பட்டை மட்டும்தான் தெரியும். அமர்ந்த பிறகு சற்றே நகர்ந்து, தன் இறக்கைக் கோடுகள் பட்டையின் வெடிப்புகளோடு சேரும்படி உடலைத் திருப்பிக்கொள்ளும் இனங்கள் உண்டு. அவற்றின் முன்னால் நின்றால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். மரத்தின் ஓரத்துக்கு வந்து, பட்டையின் பரப்பை ஒட்டிப் பார்வையை ஓட்டுங்கள். சீரான விளிம்பில் ஒரு சின்ன மேடு தெரியும். அதுதான். எனக்கு முதல் அந்து இப்படித்தான் கிடைத்தது. அதற்கு முன் அதே மரத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன்.

முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம்வரை, நிழல் விழும் பக்கமாகப் பாருங்கள். பெரிய இலைகளின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். பறவை எச்சம், காய்ந்த இலை, ஒடிந்த குச்சி என்று தோன்றுகிற ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை பாருங்கள். இவை மூன்றைப் போலவும் உருவம் கொண்ட அந்துகள் இருக்கின்றன.

வழியோரப் புல்லிலிருந்து ஒன்று எழுந்து பறந்தால் துரத்த வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று, எங்கே இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் சில அடி தூரத்தில்தான் உட்காரும்.

3. அந்தா, பட்டாம்பூச்சியா?

உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு மெல்லிய கம்பியின் நுனியில் குமிழ் வைத்தது போல இருக்கும். அந்துக்கு நூல் போலவோ சீப்பு போலவோ இறகு போலவோ இருக்கும். அகன்ற இறகு போல இருந்தால் அநேகமாக அது ஆண். பெண் வெளியிடும் வாசனையைக் காற்றில் பிடிக்கத்தான் அவ்வளவு பரப்பு. சில அந்துகளுக்கும் கொம்பின் நுனி தடித்திருக்கும் என்பதால் மற்ற அடையாளங்களையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பகலில் பறக்கிறது என்பதாலோ பளிச்சென்று இருக்கிறது என்பதாலோ பட்டாம்பூச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

4. நிறத்தை விடுங்கள், உட்காரும் விதத்தைப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவியது போன்ற ஓர் அந்து உண்டு. அதன் கருப்பு வடிவம் 1848-இல் மான்செஸ்டரில் பதிவானது. 1895-க்குள் அங்கே நூற்றுக்கு 98 கருப்பாகிவிட்டன. நிலக்கரிப் புகை மரங்களைக் கறுக்கவைத்தது, வெளிறியவை பறவைகளின் கண்ணில் எளிதாகப் பட்டன. காற்று சுத்தமானதும் வெள்ளை வடிவம் மீண்டும் பெருகியது. ஒரே இனம்தான், இரண்டு நிறம். ஆனால் இரண்டும் உட்காரும் விதம் ஒன்றே.

நான்கு இறக்கைகளையும் தட்டையாக விரித்துப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு, முன் இறக்கையில் தொடங்கும் கோடு பின் இறக்கையிலும் தொடர்ந்தால் ஜியோமெட்ரிடே குடும்பத்தை முதலில் நினையுங்கள். மேலே சொன்ன மிளகு அந்தும் இதைச் சேர்ந்ததுதான். இவற்றின் புழுக்களுக்கு உடலின் நடுவில் கால்கள் இல்லை. அதனால்தான் வில்லாக வளைந்து, முழம் போடுவது போல நகர்கின்றன.

உடல் தடித்து, இறக்கைகள் ஒடுங்கிப் பின்னோக்கிச் சாய்ந்து, அம்பு முனை போல இருந்தால் ஸ்ஃபிஞ்சிடே, அதாவது பருந்து அந்து. அது உட்கார்ந்த இடத்திலேயே இறக்கைகளை நடுக்கினால் பறப்பதற்குத் தசையைச் சூடேற்றுகிறது என்று பொருள். படம் எடுக்கச் சில நொடிகள்தான் உங்களுக்கு.

இறக்கைகளைக் கூரை போல முதுகின் மேல் மடித்திருந்தால் நாக்டுயிடே அல்லது எரெபிடே. இந்த இரண்டும் மிகப் பெரிய குடும்பங்கள். தொடக்கத்தில் அதற்கு மேல் போக முயலாதீர்கள். எரெபிடேயில் சில, தொந்தரவு செய்தால் மங்கலான முன் இறக்கையை விலக்கிச் சிவப்போ மஞ்சளோ பளிச்சிடும் பின் இறக்கையைக் காட்டும்.

உள்ளங்கை அளவில் விரிந்து, இறக்கையில் கண் போன்ற வட்டங்கள் இருந்தால் சாட்டர்னிடே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்தே மிச்ச நாட்களை ஓட்டுகிறது. அதைப் பறக்கவைத்துப் பார்ப்பது அந்தச் சேமிப்பை வீணாக்குவது, தயவுசெய்து வேண்டாம்.

மெல்லிய குச்சியின் குறுக்கே இன்னொரு குச்சி வைத்தது போல இருப்பது டெரோஃபோரிடே. ஒரு முறை பார்த்தால் மறக்காது.

5. படம் எடுங்கள், குறிப்பு எழுதுங்கள்

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரியும்படி ஒன்று. அளவு தெரிய அருகில் விரலை வையுங்கள், தொட வேண்டாம். இறக்கையின் நிறமே செதில்கள்தான், தொட்டால் உதிர்ந்துவிடும். தேதி, நேரம், எந்தச் செடி என்பதையும் எழுதுங்கள். பல இனங்களின் புழுக்கள் சில செடிகளை மட்டுமே தின்பதால் செடியின் பெயர் பின்னால் உதவும். மயிரடர்ந்த கம்பளிப்பூச்சி எதையும் கையால் தொடாதீர்கள், சிலவற்றின் மயிர் கடுமையாக அரிக்கும்.

6. பெயர் தேடுங்கள்

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் ஒரு யோசனை சொல்லும். அதை அப்படியே ஏற்காமல், நீங்கள் கண்ட உட்காரும் விதத்தோடு ஒத்துப்போகிறதா என்றும், அந்த இனம் உங்கள் பகுதியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில இனங்களை உள்ளுறுப்புகளைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். குடும்பப் பெயரோடு நிறுத்துவதும் சரியான அடையாளம்தான்.

7. துணிவு வந்ததும் ஓர் இரவு

அனுமதி உள்ள இடத்தில், நிலவில்லாத இரவில், வெள்ளைத் துணியைக் கட்டி முன்னால் ஒரு விளக்கு வையுங்கள். விளக்கில் விழும் விட்டில் என்று ஆசைக்கு உவமை சொல்கிறோம். உண்மையில் அது ஆசை இல்லை. பறக்கும் பூச்சி வெளிச்சம் இருக்கும் பக்கத்தை வானம் என்று கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புகிறது, அதனால் விளக்கைச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். விளக்கை அணைத்த பிறகு துணியில் மிச்சமிருப்பவற்றை மெல்ல உதறிப் புதருக்குள் விடுங்கள். அங்கேயே விட்டுவிட்டால் காலையில் பறவைகள் கொத்திப்போகும். துணியை மடிக்கும் முன் அடிப்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.