ஆந்தூரியத்துக்கு மண் வேண்டாம்

ஆந்தூரியம் வாங்கி வந்ததும் செம்மண்ணில் நட்டுவிடாதீர்கள். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி இது; வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகளை 2 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கரித்துண்டும் ஒரு கைப்பிடி மண்புழு உரமும் கலந்து நடுங்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். நேர் வெயிலில் இலை ஓரம் காகிதம் போலப் பொசுங்கிவிடும்; இருட்டு மூலையில் வைத்தால் வெறும் இலைதான் வரும். கிழக்கு ஜன்னல் ஓரம் சரியாக இருக்கும். அப்புறம், சிவப்பாகப் பளபளப்பது பூவே அல்ல, மடல்; அதாவது நிறம் மாறிய ஒரு வகை இலை. நடுவில் நிற்கும் திரியில்தான் பூக்கள், கடுகைப் போலப் பொடிப்பொடியாக. இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.