மேக்ரோ லென்ஸ் கூர்மையானதா? வீட்டிலேயே சோதிக்கலாம்

சிங்கப்பூரில் பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் பழைய மேக்ரோ லென்ஸ் (சிறு பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுப்பது) வாங்குகிறீர்களா? முதல் சோதனை கடையிலேயே. இரண்டு மூடிகளையும் கழற்றி, கைப்பேசி விளக்கைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடியுங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் இழை ஓடினால் பூஞ்சை. உலர்பெட்டியில் வைக்காத லென்ஸுக்கு நம் ஊர் ஈரத்தில் இது சகஜம், வாங்காதீர்கள். நாலைந்து தூசு படத்தில் தெரியாது.

மற்றதெல்லாம் வீட்டில். முக்காலி, எஃகு அளவுகோல், உள்ளங்கை அகல முகக்கண்ணாடி, தமிழ் முரசில் படம் அச்சான ஒரு துண்டு போதும். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாதது), ஐஎஸ்ஓ 100, 2 நொடி டைமர். கேமராவின் லென்ஸ் திருத்தத்தையும் நடுக்கத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும்தான்.

ஃபோகஸ் வளையத்தை மிகக் கிட்டத்தில் நிறுத்தி, கேமராவையே முன்பின் நகர்த்தி அளவுகோலைக் குவியுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மி.மீ.) அகலவாக்கில் 36 மி.மீ. தெரிந்தால் உருப்பெருக்கம் 1:1, பொருள் சென்சாரில் அசல் அளவிலேயே விழுகிறது. 72 மி.மீ. தெரிந்தால் பாதிதான்.

அடுத்தது நேர்சீர், அதாவது கேமராவும் தாளும் இணையாக நிற்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். 1:1-இல் லென்ஸின் துளையை எஃப் 2.8-இல் (எண் சிறிதானால் துளை பெரிது) வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 0.3 மி.மீ. தாளின் ஒரு மூலை அரை மி.மீ. தூக்கியிருந்தாலே அங்கு மங்கும், பழி லென்ஸ்மேல் விழும். முகக்கண்ணாடியைக் கேமராவுக்கு எதிரே வைத்து, வளையத்தைத் தொலைவுப் பக்கம் திருப்பினால் லென்ஸின் முகமே அதில் தெரியும். அது சட்டத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு தாளை அந்தக் கண்ணாடிமீதே சுருக்கமின்றி ஒட்டி, 1:1-க்குத் திரும்புங்கள்.

எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஒவ்வொன்றிலும் ஒரு படம். 100 சதவீதத்தில் பெரிதாக்கி அச்சுப் புள்ளிகளைப் பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கினால் அவற்றில் ஒரு மூலையிலேயே மறுபடி குவியுங்கள். மூலை தெளிந்து நடு மங்கினால் புலம் (லென்ஸ் கூர்மையாகக் காட்டும் தளம்) வளைந்திருக்கிறது. பூச்சி எடுப்பவருக்கு அது தொல்லையில்லை, அஞ்சல்தலை எடுப்பவருக்குத் தொல்லை. ஒரு மூலை மட்டும் மங்குகிறதா? தாளை 180 பாகை திருப்பி ஒட்டுங்கள். மங்கல் தாளோடு நகர்ந்தால் குற்றம் தாளில். நகராவிட்டால் நேர்சீரை மீண்டும் சரிபாருங்கள். அப்போதும் அதே மூலையென்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.

எஃப் 16-இல் படம் முழுதும் மென்மையாவது லென்ஸின் குறையன்று. 1:1-இல் வளையத்தில் எஃப் 16 என்றால் நடைமுறையில் எஃப் 32. டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) எந்த லென்ஸையும் விடாது. ஆகவே எஃப் 5.6 படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசியாக, அளவுகோலை 45 பாகை சாய்த்து, துளையை முழுதாகத் திறந்து எடுங்கள். குவிந்த கோட்டுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் படிந்தால் நீளவாக்கு நிறப்பிறழ்வு. மூலைகளில் வரும் நிறக்கசிவை மென்பொருள் ஒரு சொடுக்கில் நீக்கும். இதை அவ்வளவு எளிதில் நீக்காது. பனித்துளி, குதிக்கும் சிலந்தியின் கண் போன்ற பளபளப்புகளில்தான் இது முதலில் கண்ணில் படும். துளையை இரண்டு ஸ்டாப் (எஃப் 2.8-இலிருந்து 5.6-க்கு) மூடினால் பெரும்பாலும் அடங்கும்.