போலி மருந்தும் ஜெனரிக் மருந்தும் ஒன்றல்ல: அறிவுசார் சொத்துரிமை விவாதத்தில் தவிர்க்க வேண்டிய சொல் தவறுகள்

2008 டிசம்பரில், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த லோசார்டான் சரக்கை நெதர்லாந்து சுங்கத்துறை தடுத்து வைத்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சாதாரண ஜெனரிக் மருந்து அது; அதாவது, முதலில் உருவாக்கிய நிறுவனம் அல்லாமல் வேறொரு நிறுவனம் அதே மருந்துப்பொருளைக் கொண்டு தயாரித்தது. அதற்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை, பிரேசிலிலும் இல்லை; வழியில் இருந்த நெதர்லாந்தில் மட்டும் இருந்தது. தரம் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. கடைசியில் சரக்கு இந்தியாவுக்கே திரும்பியது. 2010-இல் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன.

இத்தகைய சரக்கைப் 'போலி மருந்து' என்று எழுதுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. போலி என்றதும் சுண்ணாம்புப் பொடியை மாத்திரையாக்கி விற்பவன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்காக யார் வாதாடுவார்கள்? அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தமோ, 51-ஆம் பிரிவின் அடிக்குறிப்பில், பிறருடைய வணிகக்குறியை அனுமதியின்றி ஒட்டிய பொருளைத்தான் போலிச் சரக்கு என்கிறது. காப்புரிமைக்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை. கென்யா 2008-இல் கொண்டுவந்த போலிப் பொருள் தடுப்புச் சட்டம் இந்த எல்லையைக் குழப்பியது. எச்.ஐ.வி. பாதித்த மூவர் வழக்குத் தொடுத்தார்கள். அந்தச் சட்டம் 'போலி'க்குத் தரும் விளக்கம் ஜெனரிக் மருந்துகளையும் முடக்கிவிடும் என்று 2012-இல் கென்ய உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் 2017-இல் தான் பயன்படுத்தும் சொல்லை மாற்றிக்கொண்டு, தரக்குறைவானவை, பொய்யாகத் தயாரித்தவை என்று பிரித்துப் பேசத் தொடங்கியது.

நம் செய்தித்தாள்களுக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. பாட்டுக்கும் காப்புரிமை, மாத்திரைக்கும் காப்புரிமை! பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை; இந்தியாவில் அது ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கும். மருந்தின் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். பதிப்புரிமை மீறலைத் 'திருட்டு' என்பதும் இதே ரகம். எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கியவர்மீதான வழக்கில், திருட்டுப் பொருள் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. அது குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. வேறு குற்றம் என்றது.

ஏழைகள் பக்கம் நிற்பவர்களும் சொல்லில் சறுக்குகிறார்கள். 2013-இல் சுவிஸ் மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் தன் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை வழக்கில் தோற்றபோது, இந்திய உச்ச நீதிமன்றம் மருந்துக் காப்புரிமையையே ஒழித்துவிட்டதுபோல் கொண்டாடியவர்கள் உண்டு. நீதிமன்றம் பார்த்தது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைத்தான்: அந்த மருந்தான இமாடினிப் மெசைலேட்டின் புதிய படிக வடிவம் நோயைக் குணமாக்குவதில் முந்தையதைவிட மேம்பட்டது என்று நிரூபிக்கப்படவில்லை; அதனால் அந்த வடிவத்துக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை.