பழைய போர்டில் கப்பாசிட்டர் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு படம் வராத எல்சிடி டிவி, தானாக அணைந்து எரியும் செட்டாப் பாக்ஸ், சூடேறியதும் இரையத் தொடங்கும் ஆம்ப்ளிஃபையர் எனப் பழுதுக்கு வரும் பழைய பொருள்கள் பலவற்றில், கோளாறு பவர் சப்ளையில் மின்னைத் தேக்கிவைத்து நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரில்தான் இருக்கிறது. விலை குறைவு, கால்களும் இரண்டுதான் என்பதால், வேலை பழக வருபவர்கள் முதலில் கைவைப்பதும் இதிலேயே. பிளஸ் மைனஸை மாற்றி வைப்பது போன்ற பிழைகளை ஒருமுறை வெடித்தவுடன் அவர்களே விட்டுவிடுகிறார்கள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. தவறு என்றே தெரியாமல் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து வருந்தியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

இன்றளவும் எனக்கு எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். என்னிடம் வேலை பழகிய இளைஞர் ஒருவர், தம் உறவினர் வீட்டு டிவியின் பவர் போர்டில் 5 வோல்ட் லைனில் உப்பியிருந்த 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, அதே எண்கள் அச்சிட்ட சாதாரண வகையொன்றை ரிச்சி தெருவில் வாங்கிவந்து வைத்தார். டிவி உடனே வேலை செய்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களில் அது திரும்பி வந்தபோது புதிய கப்பாசிட்டர் மறுபடி உப்பியிருந்தது மட்டுமல்லாமல், அலைபாயும் 5 வோல்ட்டில் தொடங்குவதும் நிற்பதுமாகப் பல நாள் ஓடியதில் மெயின் போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த மென்பொருளும் கெட்டிருந்தது. சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, டிவியையே கழித்துக்கட்டும் செலவாக வளர்ந்துவிட்டது.

காரணம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையரில், ஃபில்டர் கப்பாசிட்டர் விநாடிக்கு 100 முறை நிரம்பி வடிகிறது. அங்கே சாதாரண வகை தாராளமாகப் போதும். டிவி போன்றவற்றில் உள்ள, மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் சப்ளையிலோ அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கிறது. அந்த வேகத்தில் முக்கியமாவது கொள்ளளவைவிட, இஎஸ்ஆர் எனப்படும் உள் மின்தடையே. எடுத்துக்காட்டாக, 1.5 ஆம்பியர் ரிப்பிள் மின்னோட்டம் (நிரம்பி வடியும்போது ஓடுவது) 0.03 ஓம் உள்ள கப்பாசிட்டரில் ஓடினால் அதனுள் எழும் வெப்பம் 0.07 வாட்டுக்கும் குறைவு, 0.15 ஓம் உள்ளதில் ஓடினால் ஏறத்தாழ 0.34 வாட், அதாவது ஐந்து மடங்கு. ஏற்கெனவே ஹீட்சிங்க் அருகே வெந்துகொண்டிருக்கும் டப்பாவுக்குள் இந்த வெப்பமும் சேரும்போது, உள்ளிருக்கும் எலெக்ட்ரோலைட் திரவம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே மெல்ல ஆவியாகிறது. அதனால் இஎஸ்ஆர் ஏறுகிறது. ஏறிய இஎஸ்ஆர் மேலும் சூட்டைக் கிளப்புகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் ஏற்கும் கணக்கு. 85 டிகிரி வகைக்கும் 105 டிகிரி வகைக்கும் உள்ள வேறுபாட்டை அதைக்கொண்டே மதிப்பிடலாம்.

எனவே எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கத்துக்கு 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகையையே பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பானசோனிக் எஃப்ஆர், நிச்சிகான் எச்இ, ரூபிகான் இசட்எல்எச் போன்ற தொடர்களின் டேட்டாஷீட்டில் ரிப்பிள் மின்னோட்டம் 100 கிலோஹெர்ட்ஸில் குறிக்கப்பட்டிருக்கும். 120 ஹெர்ட்ஸில் மட்டும் குறித்திருந்தால் அது இந்த இடத்துக்கான பொருள் அன்று. இப்பெயர்களிலேயே போலிகளும் விற்கின்றன என்பதால், கையில் எடுத்தால் வழக்கத்துக்கு மாறாக எடையில்லாமல் இருப்பதை வாங்காதீர்கள். இடம் இருந்தால் 16 வோல்ட்டுக்குப் பதில் 25 வோல்ட் வைக்கலாம். ஆனால் இஎஸ்ஆர் குறைவாக இருப்பது நல்லதென்று கேட்டவுடன் திரவத்துக்குப் பதில் திடப் பாலிமர் உள்ள வகையை எல்லா இடத்திலும் திணிப்பவர்களும் உண்டு. வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சில சப்ளைகளின் ஃபீட்பேக் அதனாலேயே நிலைகுலையும்.

உப்பாததெல்லாம் நல்லது என்று விட்டுவிடுவது

ஓடிக்கொண்டிருக்கும்வரை நன்றாக இருந்து, மின்வெட்டுக்குப் பிறகு எழவே மறுக்கும் டிவியில், கன்ட்ரோல் ஐசியின் அருகே நிற்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சிறு கப்பாசிட்டரை முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறிய டப்பாக்களின் தலையில் வெடிப்புக் கோடு பெரும்பாலும் இருப்பதில்லை. அவை உப்பாமலேயே உலர்ந்துபோகின்றன. மல்டிமீட்டரின் கப்பாசிட்டன்ஸ் அளவும் பல நேரங்களில் ஏமாற்றும், ஏனெனில் அது குறைந்த அதிர்வெண்ணில் கொள்ளளவை மட்டுமே பார்க்கிறது. 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் சோதிக்கும் இஎஸ்ஆர் மீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய முனைவது சரியல்ல.

பழுப்புப் பசையைக் கசிவு என்று கொள்வது

1980களிலும் 90களிலும் வந்த பல ஆம்ப்ளிஃபையர்களில் பெரிய கப்பாசிட்டர்கள் அசையாதிருக்க அடியில் பசை இட்டிருப்பார்கள். ஆண்டுகள் கடந்தால் அது பழுத்து, மின்சாரத்தைக் கடத்தவும் அருகிலுள்ள கால்களை அரிக்கவும் தொடங்குகிறது. அதைக் கசிவென்று எண்ணி நல்ல கப்பாசிட்டரை மாற்றிவிட்டுப் பசையை அப்படியே விட்டால் பழுது தீராது. முழுவதும் சுரண்டி, ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடைத்த பிறகே எதையும் முடிவுசெய்யுங்கள்.

இருபக்கப் போர்டில் இழுத்துப் பிடுங்குவது

காலோடு துளையின் செம்புப் பூச்சும் வந்துவிடும். முதலில் புதிய ஈயம் வைத்து, இரு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, ஆட்டி ஆட்டி வெளியே எடுக்க வேண்டும்.

எக்ஸ்2 இருந்த இடத்தில் வேறொன்று

எக்ஸ்2 என்பது மெயின்ஸின் இரு கம்பிகளுக்கு இடையே நிற்கும் பாதுகாப்பு வகைக் கப்பாசிட்டர். அதன் இடத்தில் வேறு வகை ஒருபோதும் கூடாது, தீப்பிடிக்கலாம்.

ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது

பிளக்கைக் கழற்றிய பிறகும் மெயின் கப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலுமோ நிற்கலாம். 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்தபின் தொடுங்கள்.

முடித்தவுடன் நேராகப் பிளக்கில் செருகுவது

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, மெயின் போர்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சப்ளை நலம். பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கிய பிறகு ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டை அளந்து, அது அசையாமல் நின்றால் பல்பை எடுத்துவிட்டு மெயின் போர்டை இணையுங்கள். பல்போடு சேர்த்து முழுச் சுமையையும் கொடுத்தால் நல்ல சப்ளையும் தடுமாறும்; அதைப் பழுதென்று நினைத்து, மாற்றியவற்றையே மறுபடி மாற்றத் தொடங்க வேண்டாம்.