ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் எச்.ஆர்.வி. பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இப்போது எழும்பும் கான்கிரீட் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருப்பதில்லை. கொசு ஒரு காரணம், ஏ.சி. இன்னொரு காரணம். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இது பலருக்குத் தெரியாது. திறந்த வெளியில் கார்பன் டை ஆக்சைடு இன்றைக்குச் சுமார் 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, இருக்கிறது. இரண்டு மூன்று பேர் படுத்திருக்கும் மூடிய அறையில் அது விடிவதற்குள் 2000-ஐத் தாண்டிவிடலாம். காலையில் எழும்போதே தலை பாரமாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கக்கூடும். கொசுவர்த்திப் புகை, புது பெயிண்ட் வாடை, பிளைவுட் பசையின் ஆவி எல்லாம் அதே அறையில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு விடையாகத்தான் எச்.ஆர்.வி. எனப்படும் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவியை விற்கிறார்கள். உள்ளே இரண்டு மின்விசிறிகள், நடுவில் மெல்லிய தகடுகளை அடுக்கிய ஒரு 'கோர்'. ஒரு விசிறி அறையின் பழைய காற்றை வெளியே தள்ளும், மற்றது புதுக்காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் கலக்காமல் தகட்டின் இருபுறமும் ஓடும்போது வெப்பம் மட்டும் கைமாறும். வெளிச்சூட்டின் ஒரு பகுதி, வெளியேறும் குளிர்ந்த காற்றோடு போய்விடும். ஜன்னலைத் திறக்காமலே சுத்தமான காற்று, கொசு இல்லை, ஏ.சி.க்கும் சுமை குறைவு. பயன் உண்மையானதுதான். ஆனால் இந்தக் கருவி குளிர் நாடுகளுக்காகப் பிறந்தது. அதை அப்படியே தூக்கிவந்து மன்னார் வளைகுடா ஓரத்தில் மாட்டுவதில்தான் முதல் தவறும், ஆகப் பெரிய தவறும் இருக்கிறது.

கனடாவில் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 20, உள்ளே 21 டிகிரி. வித்தியாசம் 41. அதில் முக்கால் பங்கை மீட்டாலே 30 டிகிரி லாபம். நம்மூரில் வெளியே 32, ஏ.சி. அறையில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமே 7 டிகிரிதான். அதே கருவி இங்கே மீட்டுத் தருவது 5 டிகிரி.

நம் கடற்கரையில் சூட்டைவிடப் பெரிய தொல்லை ஈரம். 32 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், ஒரு கிலோ காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரி, 55 சதவீதத்தில் இருக்கும் அறைக்காற்றில் 11 கிராம்தான். வீட்டுக் காற்றோட்டத்துக்கான அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 விதிமுறைப்படி, நாலு பேர் வசிக்கும் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நிமிடத்துக்கு 60 கன அடி புதுக்காற்று வேண்டும். அந்த அளவு காற்றோடு, வெளியேறும் காற்று கொண்டுபோவதைவிடக் கூடுதலாக மணிக்கு 1.3 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் நுழைகிறது. ஓர் இரவில், எட்டு மணி நேரத்தில், கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீர். அந்தப் புதுக்காற்றின் சூட்டைக் குறைக்க ஏ.சி. செய்யும் வேலையைவிட, அதன் ஈரத்தை நீக்கச் செய்யும் வேலை நாலு மடங்கு.

சாதாரண எச்.ஆர்.வி.யின் அலுமினிய, பிளாஸ்டிக் தகடுகள் இந்த ஈரத்தைக் கடத்தாது. சூட்டை மட்டும் குறைத்து, ஈரத்தை அப்படியே உள்ளே விடும். மேலே சொன்ன காற்று 27 டிகிரிக்கு இறங்கினாலே நீர் கோத்துக்கொள்ளும்; கோரைத் தாண்டி வரும்போது அது கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. அப்புறம் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, துணியில் முடைநாற்றம், சுவரில் கறை. பழி கட்டடத்தின் மேல் விழும்.

இங்கே கேட்டு வாங்க வேண்டியது ஈ.ஆர்.வி., அதாவது வெப்பத்தோடு ஈரத்தையும் கைமாற்றும் கருவி. அதன் கோர், நீராவியையும் கடத்தும் சவ்வால் ஆனது. வரும் காற்றின் ஈரத்தில் ஏறத்தாழ பாதியை வெளியேறும் உலர்ந்த காற்றுக்கு மாற்றிவிடும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பாதீர்கள். "லேட்டன்ட் எஃபிஷியன்சி (ஈரத்தை மாற்றும் திறன்) எவ்வளவு? எழுதித் தாங்க" என்று கேளுங்கள். வெப்பத்துக்கான எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு, ஈரத்துக்கான எண்ணே இல்லாத அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

"அண்ணே, இதை மாட்டினா ஏ.சி.யே வேணாமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். ஈ.ஆர்.வி. தானாக எதையும் குளிர்விக்காது, உலர்த்தாது. ஏ.சி. உலர்த்திய காற்று வெளியேறினால்தான் வருகிற ஈரத்தை அதனிடம் ஒப்படைக்க முடியும். ஏ.சி. ஓடாத வீட்டில் இது வெறும் விசிறி. அதனால் ஓட்டுக் கூரை வீட்டிலும், எதிரெதிர் ஜன்னலோடு கடல் காற்று தடையில்லாமல் ஓடும் வீட்டிலும் இதற்குக் காசு போடுவது வீண். அந்தப் பணத்தில் நல்ல கொசுவலைக் கதவுகள் போடலாம். இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணம் அது.

அடுத்தது, வெளிக்காற்றை இழுக்கும் வாயை எங்கே வைப்பது. குழாய் நீளம் மிச்சம் என்று கிட்டத்தில் கிடைக்கும் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். ஏர்வாடி, கீழக்கரை பக்கம் தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் உப்பை அள்ளி வீசும். அங்கே தெற்குச் சுவர் வேண்டாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக்காற்று மழையையும் சேர்த்து அடிக்கும். அங்கே கிழக்கும் வடக்கும் வேண்டாம். எந்தப் பக்கமானாலும் சன்ஷேடுக்கு அடியில், கீழ்நோக்கித் திரும்பிய மூடியோடு இருக்கட்டும். கழிவுக் காற்று போகும் வாய், செப்டிக் டேங்க் காற்றுக்குழாய், ஜெனரேட்டர், அடுப்படிச் சிம்னி இவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். பக்கத்தில் கருவாடு காயப்போடும் திடலோ சீமைக்கருவேலக் கரிமூட்டமோ இருந்தால் பத்தடி போதாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நாலு நாள் கவனித்துவிட்டு இடத்தைக் குறியுங்கள்.

உப்பைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது தெரிந்த கதை. ஆனால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மூடியும் சாதாரண இரும்பு ஸ்க்ரூவும் போட்டுவிட்டுப் போகும் ஆட்களை யாரும் தடுப்பதில்லை. வெளியே தெரியும் பாகங்கள் யூ.பி.வி.சி. என்ற கெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஸ்க்ரூ 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். 304 ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

பால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் டக்டுக்கு (காற்றுக் குழாய்க்கு) இன்சுலேஷன் சுற்றாமல் விடுவது இன்னொன்று. 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் நம் ஊர்க் காற்றில் வியர்க்கும். அறையிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் குழாய் வியர்த்து ஜிப்சம் பலகையில் சொட்டினால் பலகை ஊறிவிடும். மூட்டுகளையும் டேப் வைத்து முழுதாக அடைக்க வேண்டும்.

சமையலறைச் சிம்னியை இதோடு இணைக்கவே கூடாது. மீன் பொரிக்கும் எண்ணெய்ப் புகை கோரில் படிந்தால் காற்றோட்டம் அடைபடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சிம்னிக்குத் தனிக் குழாய்தான்.

கடைசியாக, பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைப் பார் என்று கையேட்டில் போட்டிருந்தால், கடலோரத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். மணலும் உப்பும் சேர்ந்து ஃபில்டரைக் கட்டியாக்கிவிடும். வரும் வழி அடைத்துக்கொண்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே புகும். கருவி ஓடியும் பயன் இல்லை. ஃபில்டரைப் பெரும்பாலும் கழுவலாம். ஆனால் பல ஈ.ஆர்.வி. கோர்களைத் தண்ணீரில் நனைத்தால் சவ்வு கெட்டுவிடும். தூசியை வேக்குவம் வைத்து உறிஞ்ச மட்டும்தான் வேண்டும். ஆகவே கருவியை பால்ஸ் சீலிங்குக்குள் பூட்டி வைக்காமல், ஸ்டூல் போட்டு ஏறினால் கை எட்டும் இடத்தில், திறந்து மூடும் கதவோடு வைக்கச் சொல்லுங்கள். கார்பெண்டர் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.