செக் எஞ்சின் லைட் அணைத்தாலும் திரும்ப வருகிறதா? பிக்கப்பும் போய்விட்டதா?

வண்டி மேட்டில் இழுக்கவில்லை, மைலேஜ் குறைகிறது, மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் அணைகிறது, சில நாளில் மறுபடி எரிகிறது. பெட்ரோல் கார்களில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. பல கோளாறுகளை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) முதல் தடவை பார்த்ததும் 'பென்டிங்' என்று குறித்து மட்டும் வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அது தென்பட்டால்தான் விளக்கைப் போடும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் தானே அணைத்துவிடும். ஆகவே விளக்கு அணைந்ததால் வண்டி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரியைக் கழற்றுவதில் நஷ்டம்தான் அதிகம். ஈசியூ பதிந்து வைத்த கோளாறுக் குறியீடான 'கோடு' (code) அழிந்துவிடும், கோளாறு வந்த நொடியின் பதிவும் போய்விடும்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மினுக்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி ஓரங்கட்டுங்கள். அது கடுமையான மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு கன்வர்ட்டர் வரை போய்விடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, எதையும் அழிக்கும் முன் கோடுகளையும் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பதிவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவானபோது ஆர்பிஎம், லோடு, கூலண்ட் சூடு, வேகம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கூலண்ட் 30 டிகிரியில் இருந்ததா, 90 டிகிரியில் இருந்ததா என்பதே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கோடு எந்தப் பார்ட் கெட்டது என்று சொல்வதில்லை, ஈசியூவுக்கு எது ஒத்துவரவில்லை என்றே சொல்கிறது. பி0171 வந்தவுடன் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றுவது மிகப் பரவலான வீண்செலவு. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அந்த சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

எனவே அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்ற அளவு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்து, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பிளஸ் அல்லது மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் பழைய வண்டிகள் சில சதவீதம் பிளஸ்ஸில் நிற்பது இயல்புதான்.

ஏர்ஃப்ளோ சென்சர் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 5-க்கு இறங்கினால், சென்சருக்குப் பின்னால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸின் வளைவுகளில், அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். ஓடுகிற எஞ்சின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். புகை விட்டுச் சோதிப்பதே மேல்.

மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏறும்போது பிளஸ்ஸும் ஏறினால், பெட்ரோல் போதவில்லை அல்லது ஏர்ஃப்ளோ சென்சர் அழுக்கடைந்து காற்றைக் குறைத்துக் காட்டுகிறது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் சென்சரைச் சுத்தம் செய்யுங்கள், அதன் கம்பியில் விரல் படக்கூடாது. சரியாகவில்லையெனில் கேஜ் போட்டு பெட்ரோல் பிரஷர் பாருங்கள். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார் இருக்கும். ஐடிலில் அல்ல, மேட்டில் ஓட்டும்போது அது விழுகிறதா என்பதுதான் கேள்வி.

நம் ஊர் சிறிய கார்கள் பலவற்றில் ஏர்ஃப்ளோ சென்சரே இல்லை, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர்தான். அவற்றில் காற்று கசிந்தால் ட்ரிம் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது; ஐடில் உயரும், மேப் அளவும் ஏறும். சூடான ஐடிலில் அது 30–40 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும்.

மிஸ்ஸிங் கோடுகளான பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். உதாரணமாக பி0302 என்றால், 2-ஆவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை 3-க்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக், பிறகு இன்ஜெக்டரை அப்படியே இடம் மாற்றுங்கள். மூன்றுக்கும் அசையாவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420-உடன் இழுவையும் இல்லையென்றால் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். முன் ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்பு. ஆனால் கன்வர்ட்டர் சும்மா சாவதில்லை. மிஸ்ஸிங்கோ ஆயில் எரிவதோ அதைக் கொன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதுவும் போய்விடும்.

ஏர் ஃபில்டரும் த்ராட்டில் பாடியும் சொல்லாமலே பார்க்க வேண்டியவை. மின்சார த்ராட்டில் தகட்டை மட்டும் கையால் அழுத்தித் திறக்காதீர்கள். கூலண்ட் 80 டிகிரியைத் தொடாமலே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்.

வேலை முடிந்த பிறகே கோடை அழியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி நகரம், நெடுஞ்சாலை இரண்டிலும் ஓட்டி, இரண்டு மூன்று ஓட்டங்கள் கழித்து விளக்கைப் பார்க்காமல் பென்டிங் பட்டியலையும் ட்ரிம்மையும் பாருங்கள்.