தமிழ்ச் சொற்களில் ஒரு குட்டி ஃபோர்த்: பைதனில் நாமே செய்யலாம்

மட்டக்களப்பில் ஏ.எல். ஐ.சி.டி. எடுத்து, பைதனில் பட்டியலும் அகராதியும் ஓரளவு பழகிய தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

நாமே ஒரு குட்டி நிரல் மொழியைப் பைதனில் செய்யப்போகிறோம். அதற்கு நாம் பின்பற்றப்போவது ஃபோர்த். சார்ள்ஸ் மூர் உருவாக்கிய இந்த மொழி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக்கில் வானொலித் தொலைநோக்கியை இயக்கியது. இதில் எண்கள் முதலில், கட்டளை கடைசியில். நாம் பேசுகிற ஒழுங்கும் அதுதானே? ஆகவே கட்டளைகளைத் தமிழிலேயே வைப்போம்:

3 4 கூட்டு காட்டு

முதலில் அடுக்கு. ஆலையில் நெல் மூட்டை அடுக்குவது போல, கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். பைதனில் வெறும் பட்டியல் போதும்: வைக்க அப்பெண்ட், எடுக்க பாப்.

அடுத்து, ஒவ்வொரு கட்டளைச் சொல்லுக்கும் உரிய ஃபங்ஷனை ஓர் அகராதியில் வையுங்கள். பிறகு வரியை ஸ்ப்ளிட் கொண்டு வெட்டி, சொல் சொல்லாகப் பாருங்கள். அகராதியில் இருந்தால் அதற்குரிய ஃபங்ஷனை ஓட்டுங்கள். இல்லையென்றால் இன்ட் மூலம் எண்ணாக்கி அடுக்கில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் பிழை. கட்டளைகளைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் என்பது இவ்வளவுதான். (இன்ட் தமிழ் இலக்கத்தையும் ஏற்கும், ௬௫ என்று அடித்தாலும் 65தான்.)

கழி, வகு இரண்டிலும் கவனம். 10 3 கழி என்றால் பாப் முதலில் தருவது 3. அடுத்து வரும் 10இலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

சரி, இனித்தான் சுவையான பகுதி. புதுச் சொற்களை ஆக்கும் வசதி:

: கிலோ 65 பெருக்கு ;
: விலை கிலோ 120 பெருக்கு ;
12 விலை காட்டு

மூட்டைக்கு 65 கிலோ, கிலோ 120 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 12 மூட்டைக்கு 93600 வரும். முக்காற்புள்ளியைக் கண்டதும் அடுத்த சொல்லைப் பெயராக எடுங்கள். அரைப்புள்ளி வரும்வரை உள்ள சொற்களை ஓட்டாமல் பட்டியலாகச் சேர்த்து, அந்தப் பெயரில் அகராதியில் போடுங்கள். பிறகு அந்தப் பெயர் வந்தால், அதே இன்டர்பிரட்டர் ஃபங்ஷனுக்கு அந்தப் பட்டியலைக் கொடுங்கள். இரு குறிகளுக்கும் முன்னும் பின்னும் இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்ப்ளிட் பிரிக்காது.

பிழைச் செய்தியையும் தமிழில் எழுதுங்கள். பாப் செய்வதற்கு முன் அடுக்கின் நீளத்தைப் பார்த்து, "கூட்டு: இரண்டு எண் வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது" என்று சொன்னால் புதியவர் தப்புவார். பைதன் தரும் நீண்ட ஆங்கிலப் பிழை அவருக்கு உதவாது.

தமிழில் அடிக்கும்போது வரும் ஒரு தொல்லை உண்டு. "தொகை"யில் உள்ள கொம்பும் காலும் சில விசைப்பலகைகளில் ஒரே குறியாகவும், சிலவற்றில் இரண்டு குறியாகவும் பதியும். கண்ணுக்கு ஒன்றுதான், அகராதிக்கு வேறு வேறு. வரியை வெட்டுமுன், பைதனோடு வரும் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸை என்.எஃப்.சி. முறையில் ஓட்டிவிடுங்கள். பிரிந்த குறிகளை அது ஒன்றாக்கிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்தது எதுவும் வேலைசெய்யாது. அதற்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே.

அப்புறம் பகிர்வது. எல்லாம் ஒரே பைதன் கோப்பில் இருக்கட்டும். தனி நிறுவல் எதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டால், பிறர் பயன்படுத்தவும் திருத்தவும் இடம்தரும் எம்.ஐ.டி. போன்ற உரிமம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் மற்றவர்கள் திருத்தி வெளியிடத் தயங்குவார்கள். கூடவே மேலே உள்ள நெல் கணக்கை மாதிரிக் கோப்பாக வையுங்கள். பைதனில் அதைத் திறக்கும் வரியில் எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 என்று குறிப்பிட மறக்க வேண்டாம். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது இல்லாவிட்டால் தமிழ் சிதைந்துபோகும்.